அடுத்த மார்ச் அண்ணன்

‘மேன்ஷன்’ என்றால் என்னவென்று திருவல்லிக்கேணியில் ஒரு மாதம் தங்கியவர்களைக் கேளுங்கள். ஒரு கட்டில், அதன்மேல் ஒருவர், அதன்கீழ் இன்னொருவருடைய பெட்டி, பொதுக் குளியலறை வாசலில் பக்கெட்டோடு ஐந்து பேர். அகராதியில் அந்தச் சொல்லுக்கு மாளிகை என்று பொருள் போட்டிருக்கிறார்கள். அகராதிக்காரர் பேச்சிலராக இருந்ததே இல்லை போலும்.

இந்தச் சொல்லை நம்மைப்போலவே துணிச்சலாகக் கையாளும் இன்னொரு தேசம் ஜப்பான். அங்கே கான்கிரீட்டில் கட்டிய அடுக்குமாடி எல்லாமே ‘மன்ஷோன்’தான். ஆகவே டோக்கியோவில் வேலை கிடைத்துப் போன பையன் ஊருக்குப் போன் போட்டு, “அம்மா, மேன்ஷன்ல ரூம் கெடச்சிருச்சு” என்றால், “இத்தனை படிச்சும் மறுபடி மேன்ஷனா?” என்று அம்மா பதறுவது நியாயமே.

அறையைப் பார்த்தால் அம்மா பதறியது சரி என்றே தோன்றும். ஜப்பானில் அறையைப் பாய்க்கணக்கில் அளப்பார்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டில் “இந்த ரூம்ல எத்தனை பாய் விரிக்கலாம்?” என்று பெரியப்பா கேட்பாரே, அதே கணக்குதான், இங்கே அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ஆறு பாய் அறை என்றால் சுமார் 105 சதுர அடி. ஓரமாக ஒற்றை அடுப்புச் சமையலறை. குளியலறை ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் டப்பா. உள்ளே நின்று சட்டை கழற்ற வேண்டுமென்றால் முதலில் ஒரு கையைக் கழற்றி, கொஞ்சம் இளைப்பாறி, பிறகு அடுத்த கையைக் கழற்ற வேண்டும்.

இப்படியொரு அறையில் 2010 அக்டோபரில் வந்து இறங்கியவர் நம் அண்ணன். பெயர் முக்கியமில்லை. டோக்கியோவின் கிழக்கோரம், எதொகவா வட்டாரத்தில், நிஷிகசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி இப்படிப்பட்டவர்கள் மாடிக்கு ஒருவர் இருக்கிறார்கள். நாங்கள் அவரை ‘அடுத்த மார்ச் அண்ணன்’ என்போம். “எவ்வளவு நாளா இருக்கீங்க?” என்று கேட்டால் எவ்வளவு நாள் இருக்கப்போகிறார் என்பதைத்தான் சொல்வார்: “அடுத்த மார்ச்சுல கிளம்பிருவேன் தம்பி.”

ஏன் மார்ச் என்றால், ஜப்பானில் எல்லாமே மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்கும். நிதியாண்டு, பள்ளி ஆண்டு, இடமாற்றம், செர்ரிப்பூ எல்லாமே அந்தச் சமயத்தில்தான். ஊரே பெட்டி கட்டுகிற மாதம் என்பதால் அப்போது சாமான் ஏற்றும் லாரி கிடைப்பது, ஒரு காலத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் பஸ் பிடித்தது மாதிரி. ஊரோடு சேர்ந்து தானும் கிளம்புவதாக அண்ணன் வருடா வருடம் நம்பினார்.

உண்மையில் நிஷிகசாயே இப்படி உருவான ஊர்தான். 1979இல் அந்த ரயில் நிலையம் திறந்தபோது அங்கே சாம்பார் பொடி கிடைத்திருக்காது. 1990களின் கடைசியில் கணினிகளுக்கு ஒரு கண்டம் வந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் அவை தேதி குழம்பி 1900 என்று நினைத்துக்கொள்ளும், வங்கியெல்லாம் படுத்துவிடும் என்றார்கள். அதைச் சரிசெய்ய இந்திய மென்பொருள்காரர்களைக் கூட்டிவந்தார்கள். வேலை ஓதெமாச்சி பக்கத்து அலுவலகங்களில். அங்கே நேரடி ரயில் இருந்ததால் நிஷிகசாய் வசதிப்பட்டது. அரசு சார்ந்த யூ.ஆர். குடியிருப்புகளில் ஜாமீன்தாரர் கேட்கவில்லை, ‘ரெய்கின்’ என்ற நன்றிப் பணமும் இல்லை. (தனியார் வீடுகளில், வீடு கொடுத்தாரே என்பதற்காக வீட்டுக்காரருக்கு ஒரு மாத வாடகையைத் திரும்பி வராத காணிக்கையாகச் செலுத்துவது பழைய வழக்கம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் வீட்டுக்காரர்கள்கூட நன்றியைத் தனியாகக் கேட்பதில்லை.) அந்தக் கண்டம் 1999 டிசம்பர் 31 நள்ளிரவோடு தீர்ந்துவிட்டது. அதற்காக வந்தவர்களில் பலர் தீராமல் அங்கேயே இருந்துவிட்டார்கள். அண்ணன் அந்தப் பரம்பரை.

அவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சுவர். அதில் ஒன்றுமே இருக்காது. பதினான்கு வருடத்தில் ஓர் ஆணி அடித்ததில்லை. வீட்டைக் காலி செய்யும்போது ஆணித் துளைக்கு நம்மிடம் காசு கேட்கலாம், குண்டூசித் துளையைச் சாதாரணத் தேய்மானமாக விட்டுவிட வேண்டும் என்று அரசாங்க வழிகாட்டி நெறியே இருக்கிறது. “குண்டூசி குத்தலாமாம் அண்ணே” என்று ஒருமுறை சொன்னேன். “எதுக்குத் தம்பி, போற நேரத்துல?” என்றார். அதனால் தினசரி நாட்காட்டி அரிசி மூட்டைமேல் சாய்ந்திருக்கும். அரிசி குறையக் குறைய தேதியும் கீழே இறங்கும். முருகன் குளிர்பதனப் பெட்டியின் தலையில் நிற்பார், காலடியில் கம்பளித் தொப்பி காயும்.

பீரோ கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த, தலா 23 கிலோ தாங்கும் இரண்டு பெட்டிகள்தான் பீரோ. ஒன்று கோடைக்கு, இன்னொன்று குளிருக்கு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் துண்டு விரித்தால் சாப்பாட்டு மேசை. சாம்பார் பரிமாறிய பிறகு சட்டை ஞாபகம் வந்தால் மொத்தப் பந்தியும் எழுந்திருக்க வேண்டும். கல்யாணமாகி அண்ணி வந்தபின் இரண்டு அறை வீட்டுக்கு மாறினார். பெட்டிகளும் மாறாமல் கூடவே வந்தன.

“ஏங்க, ஒரு சோபா வாங்கலாமா?” என்று அண்ணி முதலில் கேட்டது 2013இல்.

“போற நேரத்துல சோபாவா?”

2024இல் அண்ணி கேட்டது வேறு: “போற நேரம், போற நேரம்கிறீங்களே, அந்த நேரம் பதினொரு வருஷமா ஓடிட்டிருக்கே, அதுக்குப் பேட்டரி யாரு மாத்துறா?”

அண்ணன் எதுவுமே வாங்க மாட்டார் என்றால், வீட்டில் இத்தனை சாமான் எப்படி வந்தது? அதற்குத்தான் ‘சயோனாரா சேல்’ இருக்கிறது. ஊருக்குத் திரும்புகிறவர் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடுவார்: மெத்தை ஆயிரம் யென், சாப்பாட்டு மேசை ஐநூறு, மைக்ரோவேவ் இலவசம், இட்லித் தட்டு இலவசம், தயவுசெய்து யாராவது வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் கீழே போகப் போக விற்பனைக் குரல் மன்றாடலாக மாறும். காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஓட்டைக் குடத்தைக் கொடுத்தாலும் பழைய இரும்புக்காரர் எடைபோட்டுக் காசோ பேரீச்சம்பழமோ தந்துவிட்டுப் போவார். டோக்கியோவில் பெரிய சாமான்களைக் காசு கொடுத்துத்தான் குப்பையில் போட முடியும். ஒரு பக்கம் 30 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் அது ‘சொதாய் கொமி’, பெருங்குப்பை. முன்கூட்டிப் பதிவு செய்து, கடையில் 200 யென், 300 யென் ஸ்டிக்கர்களைத் தேவையான எண்ணிக்கையில் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் சொன்ன இடத்தில் வைக்க வேண்டும். டிவி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம், ஏசி நான்கும் பெருங்குப்பையில்கூடச் சேராது. அவற்றுக்கு 2001இலிருந்து தனிச் சட்டம், தனிக் கட்டணம். எனவே போகிறவருக்கு நாம் ஒரு கட்டிலை இலவசமாக வாங்கிக்கொள்வது, நம் ஊர்க் கணக்கில் கடனை அடைத்து உதவியதற்குச் சமம்.

அண்ணன் அப்படிப் பலபேரைக் காப்பாற்றியவர். நாற்காலி நான்கும் நான்கு ஜாதி. சோறு வடிக்கும் குக்கர் ஆறாவது தலைமுறை. அந்த வீட்டின் மூலவர் என்றால் டிரான்ஸ்ஃபார்மர்தான். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர் மிக்ஸியை அதில் நேரே செருகினால் அரைக்காது, யோசிக்கும். அதற்காகவே ஒரு சிறு உரல் கனத்தில் அந்தப் பெட்டி. அதைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மார்க்கர் பேனாவால் முன்னோர் வரலாறு: இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை இன்னார் வீடு, பிறகு இன்னார். செப்பேட்டில்கூட இவ்வளவு ஒழுங்காக வம்சாவளி இருக்காது. பட்டியலில் உள்ள எல்லோரும் ‘தற்காலிகமாக’ வாங்கியவர்கள்தான். பெட்டி மட்டும் நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிட்டது.

காலையில் அண்ணன் வேலைக்குப் போவது தோசாய் ரயிலில். கிழக்கு மேற்கு என்று பொருள். நம்மவர் வாயில் அது முதல் நாளே ‘தோசை லைன்’ ஆகிவிட்டது. கூட்டத்தில் பேர்போன பாதை. 2019ஆம் ஆண்டுக் கணக்கில், கிபாவிலிருந்து மொன்சென்னகச்சோ வரையிலான காலைநேர நெரிசல் 199 சதவீதம். 200 சதவீதம் என்றால் உடம்போடு உடம்பு நெருக்கும், ஆனாலும் ஒரு வாரப் பத்திரிகையை எப்படியாவது படித்துவிடலாம் என்று அரசாங்கமே விளக்கம் கொடுத்திருக்கிறது. பத்திரிகை எழுத்தாளர்களுக்கு இதைவிட ஆறுதலான புள்ளிவிவரம் எந்த நாட்டிலும் இல்லை. அந்த நெருக்கடியில் நின்றபடிதான் அண்ணன் புதிதாக வந்த பையன்களுக்கு உபதேசம் செய்வார்: “எதையும் சேர்க்காத தம்பி. பறவை மாதிரி இருக்கணும்.” பறவை அன்று மாலை யாரோ கொடுத்த அயர்னிங் மேசையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு திரும்பும்.

வருடா வருடம் மார்ச் வந்தது. ஒவ்வொரு மார்ச்சுக்கும் ஒரு காரணமும் வந்தது.

முதல் மார்ச்சைப் பற்றி மட்டும் அவர் விளையாட்டாகப் பேசுவதில்லை. 2011 மார்ச் 11. வந்து ஐந்து மாதம்கூட நிறையவில்லை. கட்டடம் நாணல் மாதிரி ஆடியது. அலுவலகத்திலிருந்து பலமணி நேரம் நடந்து அறைக்கு வந்தபோது கதவுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. அடுத்த வீட்டுப் பாட்டி வைத்த சோற்றுருண்டைகளும் ஒரு டார்ச் விளக்கும். அடுத்த சில நாட்களில் வெளிநாட்டவர் பலர் விமானம் ஏறினார்கள். அண்ணனுக்கும் வீட்டிலிருந்து மணிக்கு ஒரு போன். “டார்ச்சைத் திருப்பிக் கொடுக்காமப் போனா நல்லாருக்குமா?” என்று இருந்துவிட்டார்.

திருப்பிக் கொடுத்ததில்தான் வினை தொடங்கியது. வெறும் டார்ச்சைக் கொடுக்கக் கூடாதே என்று கூடவே ஒரு டப்பா அதிரசம் கொடுத்தார். ஜப்பானில் பரிசு வாங்கினால் சுமார் பாதி மதிப்புக்குத் திருப்பிச் செய்வது மரியாதை. பாட்டி ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். நம் மொய்க் கணக்கில் வந்ததைவிடக் கூட்டித்தான் செய்ய வேண்டும். அண்ணன் முறுக்குக் கொடுத்தார். அவர் பாதியாகக் குறைக்க, இவர் கூட்ட, இரண்டு நாகரிகங்களும் கதவுக் கைப்பிடியில் பல வருடம் போரிட்டன. பிறகு வீடு மாறியும், நான்கு தெரு தள்ளியிருந்து போர் தொடர்ந்தது. குக்கர் விசில் சத்தத்துக்குப் பாட்டி ஒருநாளும் புகார் சொல்லவில்லை. மூன்றாவது விசிலில் அவரும் தன் அடுப்பை அணைப்பதாக அண்ணன் சொல்வார். நம்பலாம்.

அடுத்தடுத்த மார்ச்சுகளுக்குக் காரணங்கள் உற்சாகமானவை. ஒரு வருடம் புராஜெக்ட் முடியவில்லை. அடுத்த வருடம் மூன்று வருட விசா கிடைத்துவிட்டது. கிடைத்த விசாவை வீணாக்குவது சோற்றைக் கொட்டுவது மாதிரி. பிறகு பாப்பா பிறந்தாள். பாப்பாவை இந்தியப் பள்ளியில் சேர்த்தார். 2004இல் பக்கத்து வட்டாரமான கோத்தோவில் ஒன்றும், 2006இல் எதொகவாவிலேயே இன்னொன்றும் வந்ததே, ‘போகப்போகிறவர்களின்’ பிள்ளைகள் தடையில்லாமல் போவதற்காகத்தான். அவை இருந்ததால் போக வேண்டிய அவசரமே போய்விட்டது. 2020இல் விமானமே இல்லை. அது ஒன்றுதான் அவர் சொன்ன காரணங்களில் நாங்கள் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது.

அப்புறம் யென். ஒரு யென் எழுபது காசு பக்கம் நின்ற காலத்தில், “இன்னும் ஏறும், ஏறினதும் மொத்தமா மாத்திக்கிட்டுப் போயிரலாம்” என்றார். அது இறங்கியது. 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னையும் தாண்டிச் சரிந்தது. “இந்த ரேட்ல போனா நஷ்டம், ஏறட்டும்” என்றார். ஏறினாலும் இருக்க வேண்டும், இறங்கினாலும் இருக்க வேண்டும் என்று இவ்வளவு நடுநிலையாகப் பொருளாதாரம் பேசுபவரைத் தொலைக்காட்சியில்கூட நான் பார்த்ததில்லை.

நிரந்தர வசிப்புரிமைக்குப் பொதுவாகப் பத்து வருடம் இருந்திருக்க வேண்டும். ஒன்பது முடிந்தபோது, “ஒரு வருஷத்துக்காக விடுவாங்களா?” என்றார். வாங்கிவிட்டார். வாழ்த்தப் போனோம். “இனிமே எப்ப வேணும்னாலும் போகலாம்ல தம்பி, அதான் நிம்மதி” என்றார். போவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று இருக்க உரிமை வாங்கிய முதல் மனிதர் அவர் என்றுதான் நினைத்தேன். விசாரித்ததில் அந்தக் குடியிருப்பிலேயே ஏழு பேர் இருந்தார்கள்.

இருப்பதற்கு வெளிப்படையாக ஒரு காரணம் சொல்லக் கூச்சப்படுகிற நாட்களில் வரலாற்றுக்குள் போவார். “இவங்க பாஷையே நம்ம பாஷைதான் தம்பி. சுசுமு ஓனோன்னு ஒரு பேராசிரியர் புத்தகமே எழுதியிருக்காரு.” ஓனோ எழுதியது உண்மை. மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. அதைச் சொன்னால் அண்ணன் அடுத்த ஆதாரத்தை எடுப்பார்: 1998இல் டோக்கியோவில் ‘முத்து’ ஓடியது. அதற்கு மறுப்பு மொழியியலில் கிடையாது.

இத்தனைக்கும் நடுவில் அண்ணன் ஒரு தவறு செய்துவிட்டார். ஊரிலிருந்து வந்த யாரோ பை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்ததென்று ஒரு கறிவேப்பிலைச் செடியை வளர்த்து, போகும்போது வேறொருவருக்கு விட்டுப்போக, அந்தச் செடியின் பழத்திலிருந்து இரண்டு விதை அண்ணனுக்குக் கிடைத்தது. தயிர் டப்பாவில் மண் போட்டு ஊன்றினார். கறிவேப்பிலை விதை முளைத்து, தாளிக்கிற அளவுக்கு இலை விட வருடக்கணக்கில் ஆகும். அடுத்த மார்ச்சில் போகிறவர் எதற்கு அதை ஊன்ற வேண்டும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன்.

டோக்கியோக் குளிர் கறிவேப்பிலைக்கு ஆகாது. நவம்பர் பிறந்தால் செடி பால்கனியிலிருந்து கூடத்துக்கு வரும். ஜனவரியில் அறை வெப்பமூட்டி அதன் பக்கம் திரும்பும். இலை உதிர்ந்தால் அண்ணன் முகம் உதிரும். ஆணிக்குக் கணக்குப் பார்த்தவர் செடிக்காக விளக்கு வாங்கினார். கடையில் வாங்கியது, முழு விலை. அந்த வீட்டில் சொந்தக் காசில் வந்த முதல் சாமான் அதுதான். இலை பறிப்பதென்றால் எண்ணித்தான். ரசத்துக்கு நான்கு, விருந்தாளி வந்தால் ஆறு. தட்டில் ஒதுக்கிவைத்த விருந்தாளி மறுபடி அழைக்கப்பட மாட்டார்.

கடைசியில் அவர் கிளம்பியது மார்ச்சில் அல்ல. 2024 நவம்பர் நடுவில், திடீரென்று. ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. வேலைக்குச் சென்னையிலேயே இடம் இருந்தது. பதினெட்டு நாளில் எல்லாம் முடிந்தது. பதினான்கு வருடமாகக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் கிளம்புவதற்கான ஏற்பாடு எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சயோனாரா சேல் பட்டியல் மூன்று பக்கம் போனது. டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் தன் பெயருக்கு எதிரே முடிவு வருடத்தை எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பாட்டி வழியனுப்ப வந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். இந்த முறை பாதி மதிப்பு இல்லை, முழுசு. திருப்பிச் செய்ய இனி நேரமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டைச் சரிபார்க்க வந்தவர் சுவரைத் தடவிப் பார்த்து, இவ்வளவு சுத்தமான சுவரைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். அண்ணன் அதற்குச் சிரிக்கவில்லை.

செடி என்னிடம் வந்தது.

சோழிங்கநல்லூர் அடுக்குமாடியில் இப்போது நல்ல வீடு. சோபா வாங்கியாகிவிட்டது என்று அண்ணி சொன்னார். அண்ணன் அதில் உட்காருவதில்லையாம், விளிம்பில் சாய்ந்து நிற்கிறாராம். கீழே காய்கறி வண்டியில் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறாக விழுகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வருகிறது.

“தம்பி, எத்தனை கொழுந்து விட்டிருக்கு?”

“மூணு, அண்ணே.”

“தொட்டி பத்தாது. வேர் சுத்திக்கும். பெரிசா மாத்து.”

நானும் இங்கே தற்காலிகம்தான் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. கடைக்குப் போனேன். செடிக்கு ஏற்ற தொட்டியின் வாய் 32 சென்டிமீட்டர் இருந்தது. அதாவது போகிற நாளில் அது பெருங்குப்பை. பதிவு, ஸ்டிக்கர் எல்லாம் உண்டு. சரி, தொட்டிக்காவது வழியிருக்கிறது. உள்ளே போடுகிற மண்ணுக்கு? நகராட்சி மண்ணைக் குப்பையாக எடுத்துக்கொள்வதே இல்லை. எரியும் குப்பையில் சேராது, எரியாத குப்பையிலும் சேராது, எத்தனை ஸ்டிக்கர் ஒட்டினாலும் வாங்க மாட்டார்கள். அதை வைத்திருப்பவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினைந்து கிலோ மண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.